உங்கள் பெரியப்பா முழங்காலிட்ட இடம்

என் மக்களே,

சென்ற மாதம் வீட்டு முற்றத்தில் சிப்பி வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது உங்களுக்குள் சண்டை வந்தது. உங்களில் மூத்தவன் பெரியப்பாவின் மகளை, உங்கள் அக்காவை, "போடி, செயிலுக்குப் போனவனுக்க மவளே!" என்றான். அந்தப் பிள்ளை அழவில்லை. கையில் கிடைத்த கல்லை எடுத்து அவன் நெற்றியைப் பிளந்துவிட்டது. அவன் இரத்தம் வடிய என்னிடம் ஓடிவந்தான். நான் அவனைக் கண்டிக்கவில்லை, அவளையும் கேட்கவில்லை. காயத்தில் காப்பித்தூளை அப்பித் துணியால் கட்டிவிட்டு வெளியே போய்விட்டேன். அப்பா ஏன் ஒன்றும் சொல்லாமல் போனார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அதற்கான பதிலைத்தான் இதில் எழுதுகிறேன். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் ஊராரும் படிக்கட்டும்.

உங்கள் பெரியப்பா இறைவனடி சேர்ந்து இந்தப் பூசையோடு ஓராண்டு நிறைகிறது. இப்படிப்பட்ட மலரில் இறந்தவரின் நல்ல குணங்களை எழுதுவது வழக்கம். நானும் எழுதுவேன். ஆனால் அவருடைய நல்ல குணத்தை எழுத வேண்டுமானால் என்னுடைய கெட்ட குணத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்லன். சொல்லில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளச்சலுக்கு மேற்கே, கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த ஓலை வீட்டில் பெரியப்பா பிறந்தார். அவருக்கு இரண்டு வயது இளையவன் நான். எங்கள் அம்மா வாந்திபேதியில் ஒரே பகலில் போய்விட்டார். அப்பா, அதாவது உங்கள் பாட்டா, எங்கள் இருவரையும் வளர்த்தார். கரையில் நின்று இழுக்கும் கரமடி வலையில் கயிறு இழுப்பவர், முன்கோபி. கையை ஓங்கினால் அடிக்காமல் இறக்கமாட்டார்.

நாங்கள் படிக்கப்போனது இருபத்தொன்றோ இருபத்திரண்டோ, அந்த ஆண்டுகளில். பள்ளிக்கூடம் கோயிலுடையது. கோயிலுக்குத் தெற்கே நீளமான கொட்டகை. சாமியார் மாதத்துக்கு இரண்டுமுறை வந்தால் அதிகம். மற்ற நாள்களில் ஞானப்பாடம் சொல்லும் உபதேசியார்தான் எங்களுக்குச் சாமியார், வாத்தியார், போலீசு எல்லாம். அவர் கையில் பிரம்பு இருக்காது. காயவைத்த திருக்கை மீனின் வால் இருக்கும். அந்த வால் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். தொட்டாலே அரம்போல் உரசும்; வீசி அடித்தால் தோலோடு வரும். அது சுவரில் ஆணியில் தொங்கும். அதற்கு நேர் கீழே தரையில் ஒரு பனம்பலகை, பலகையின்மேல் இடித்த சிப்பி. குற்றம் செய்தவன் அதில் முழங்காலிட்டு முதுகைக் காட்ட வேண்டும்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஏதாவது தப்பு நடந்தால் உபதேசியார் ஒரே முறை, "எவன்?" என்று கேட்பார். அவர் ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் ஒருவன் போய்ப் பலகையில் முழங்காலிட வேண்டும். அவனுக்குப் பன்னிரண்டு அடி. யாரும் போகவில்லை என்றால் கொட்டகையில் இருக்கும் ஒவ்வொருவனுக்கும் ஆறு அடி, ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தாலும். ஒருவன் முழங்காலிட்டுவிட்டால் அதற்குமேல் பேச்சு இல்லை. உண்மையில் யார் செய்தது என்று உபதேசியார் விசாரிக்கவே மாட்டார். "ஏத்துக்கிட்டவன்தான் செய்தவன்" என்பார். உலகத்தின் பாவத்துக்கு ஒருவர் அடிவாங்கவில்லையா என்று சிலுவையைக் காட்டுவார்.

பெரிய பையன்கள் எட்டுப்பேர் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். நம் கடற்கரையில் கரமடி போட எப்படி முறை வைத்திருக்கிறோமோ, இன்றைக்கு இந்த மடி நாளைக்கு அந்த மடி என்று, அதேபோல் அடி வாங்கவும் முறை வைத்தார்கள். திங்கள் இவன், செவ்வாய் அவன். யார் தப்புச் செய்தாலும் அன்றைக்கு யார் முறையோ அவன் போய் முழங்காலிடுவான். ஞாயிறும், ஞாயிறுபோல் வேலை செய்யக்கூடாத கடன் திருநாளும் வந்தால் முறை நிற்கும். மறுநாள் அதே ஆளில் தொடங்கும். இப்படி ஒன்று நடந்ததை உபதேசியார் கடைசிவரை அறியவில்லை. அந்த எட்டுப்பேரில் உங்கள் பெரியப்பா ஒருவர். இன்னொருவர் சூசைமிக்கேல். நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, இப்போது ஒற்றைக் கண்ணோடு இருக்கிறாரே, அவரேதான்.

எனக்கு அப்போது ஏழு வயது. உபதேசியாரின் குடைக்குள் நான் ஓர் உயிர் நண்டைப் போட்டுவைத்தேன். மத்தியானம் வெயிலில் புறப்பட்டவர் குடையை விரித்தார். நண்டு தலையில் விழுந்து காதைக் கவ்வியது. அவர் குதித்த குதிப்பைப் பார்த்துக் கொட்டகையே சிரித்தது. நண்டைப் பிய்த்து எறிந்து காதில் இரத்தத்தோடு திரும்பி வந்தார்.

"எவன்?"

அன்று சூசைமிக்கேலின் முறை. அவர் எழுந்து பாதி தூரம் போய்விட்டார். பெரியப்பா பாய்ந்துபோய் அவரைத் தோளில் இடித்துத் தள்ளிவிட்டுப் பலகையில் முழங்காலிட்டார். நண்டுக்குப் பன்னிரண்டு, சிரிப்புக்குப் பன்னிரண்டு. எண்ணிக்கை எனக்குத் தெரியும், நான் மனதில் எண்ணினேன். ஒன்பதாவது அடியில் சட்டை கிழிந்தது. பதினாறில் அவர் கையை ஊன்றினார். ஊன்றிய கையை உபதேசியார் காலால் தட்டிவிட்டார்.

வெளியே வந்ததும் சூசைமிக்கேல் கோபத்தில் அவரைப் பிடித்து உலுக்கினார். "எனக்க முறைய நீ எதுக்குலே எடுத்த?"

"எனக்க தம்பி செய்தது. அப்போ எனக்க முறைதான்."

"அதுக்கா முறை வச்சோம்? நீ இப்பிடித் தொடங்கினா நாளைக்கு எல்லாவனும் தம்பி, மச்சான்னு தொடங்குவான். பொறவு முறை எதுக்கு?"

பெரியப்பா கடலில் இறங்கினார். உப்புத் தண்ணீர் முதுகில் பட்டபோது அவர் போட்ட சத்தத்தைக் கேட்டு, கயிறு இழுத்துக்கொண்டிருந்த பாட்டா ஓடிவந்தார். முதுகைப் பார்த்தார். அப்படியே ஈரக்காலோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்த் திருக்கை வாலைப் பிடுங்கி உபதேசியாரைக் கொட்டகையைச் சுற்றி மூன்று சுற்று அடித்தார். மறு ஞாயிறு ஊர் கூடித் தீர்ப்புச் சொன்னது. பாட்டா தாழைமுள் முடியைத் தலையில் வைத்துக்கொண்டு பூசை முடியும்வரை கோயில் வாசலில் முழங்காலில் நின்றார். முள் இறங்கி நெற்றியெல்லாம் இரத்தம். பூசை முடிந்து உள்ளே இருந்து வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எழுந்ததும் முடியைக் கழற்றி எறிந்து, "எனக்க பிள்ளைய இனி அங்க விடமாட்டேன்" என்றார்.

என்னைக் குளச்சலுக்கு அனுப்பினார். அங்கே ஒரு பழைய கருவாட்டுக் கிட்டங்கியில் ஒரு வாத்தியார் சொந்தமாகப் பள்ளிக்கூடம் நடத்தினார். கோயிலும் கிடையாது, சர்க்காரும் கிடையாது, அவரும் நாற்பது பிள்ளைகளும் மட்டும். சாயபு வீட்டுப் பிள்ளைகள், கடைக்காரர் பிள்ளைகள், எங்களைப் போல ஒன்றிரண்டு பேர். அவர் யாரையும் தொடமாட்டார். கணக்கும் மனு எழுதுவதும் சொல்லிக்கொடுத்தார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்டே. கேக்காததச் சொல்லுகவன் கோர்ட்டுல தோப்பான். பேசினது காத்துல போவும், எழுதினதுதான் நிக்கும்."

இந்த இரண்டையும் அவர் வாரத்துக்கு நான்கு தடவையாவது சொல்வார். நல்ல மனிதர். அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

பெரியப்பாவையும் அங்கேதான் போகச் சொன்னார் பாட்டா. அவர் போகவில்லை. அதற்காகப் பாட்டாவிடமும் அடிவாங்கினார். ராத்திரி கஞ்சி குடிக்கும்போது நான் கேட்டேன்: "அங்க அடியே கெடையாதுண்ணே. நீயும் வாவேன்."

"நான் போனா எட்டு ஏழாவும். மத்தவனுவளுக்கு முறை அடுத்தடுத்து வரும். போவாண்டாம்."

மேலும் மூன்று ஆண்டு அங்கேயே படித்தார். இப்படியாக நாங்கள் ஒரு வீட்டில் சாப்பிட்டு இரண்டு பள்ளிக்கூடத்தில் வளர்ந்தோம்.

பெரியவர்களானபின் இருவரும் ஒரே கரமடியில் சேர்ந்தோம். பெரியப்பா வலைக்குத் தலைவர். நான் முறைக்கணக்கு எழுதுபவன். பெரியப்பாவைச் சாது என்று நினைக்காதீர்கள். அடி வாங்கிய கை அடிக்கவும் தெரிந்த கை. கயிறு இழுக்க வந்த ஒரு முதியவரை அதிகாரத் தோரணையில் ஒருவன் உதைத்தான். பெரியப்பா அவன் கழுத்தைப் பிடித்து இடுப்பளவுத் தண்ணீரில் முக்கி, அவன் கை கால் ஓயும்வரை விடவில்லை. நான்குபேர் சேர்ந்துதான் பிடித்து இழுத்தோம். ஆனால் அவருடைய வீட்டுக்குள் அவர் வேறு ஆள். பானை உடைந்தால், எண்ணெய் கொட்டினால், "யார் செய்தது?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியே அந்த வீட்டில் கிடையாது. தானே துடைப்பத்தை எடுத்துக் கூட்டிவிடுவார். உங்கள் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி, எட்டு வருடத்துக்கு முன்னால் வந்த அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுத வேண்டும்.

நான் ஒரு மாதத்து முறையை முன்கூட்டியே தாளில் எழுதிவைப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிட்டு மற்ற நாள்களை வரிசையாக நிரப்புவேன். அந்த மாதத்தில் வியாழக்கிழமை, ஆண்டவர் பரலோகத்துக்கு ஏறிய ஆரோகணத் திருநாள் வந்தது. கடன் திருநாள், யாரும் கடலில் இறங்கவில்லை. என் தாளில் வியாழன் சூசைமிக்கேலின் மடி, வெள்ளி எங்கள் மடி. திருநாள் வந்தால் முறை காத்திருக்கும், வியாழக்கிழமைக்காரன் வெள்ளியில் போடுவான் என்பதுதான் ஊர் வழக்கம். கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அதை முதுகில் எழுதி வாங்கியவர்கள் அவர்கள். எனக்கு ஞாயிறு தெரியும், திருநாள் வழக்கம் சரியாகத் தெரியாது. அதைவிட, தாளில் எழுதியது நிற்கும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

பெரியப்பா வலைக்கு நூல் வாங்கக் குளச்சலுக்குப் போயிருந்தார். விடிந்ததும் நான்தான் வள்ளத்தை இறக்கச் சொன்னேன். வயதான ஒருவர், "இண்ணைக்கு நமக்க முறையா மக்கா?" என்று கேட்டார். தாளை நீட்டிக் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தாளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

வலை வளைத்து இரண்டு பக்கமும் கயிறு இழுத்துக்கொண்டிருக்கும்போது சூசைமிக்கேலின் ஆட்கள் தங்கள் வலையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதலில் அவர்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"ஏலே கணக்கப்புள்ள! நேத்து ஆண்டவரு மேல போனாரு. அவருகூட எங்க முறையும் போச்சின்னு நெனச்சியா?"

நான் தாளைக் காட்டினேன். ஒருவன் வாங்கிக் கசக்கி வாயில் போட்டு மென்று என் முகத்தில் துப்பினான். எங்கள் ஆள் ஒருவன் அவன் வாயில் குத்தினான். அதோடு தொடங்கியது. அவர்கள் கிழக்குப் பக்கத்துக் கயிற்றைக் கத்தியால் அறுத்தார்கள். நிறைந்து வந்த மடி அலையில் சாய்ந்து, சாளை மீன் எல்லாம் வெள்ளையாகப் பரவியது. கல், துடுப்பு, சுமைக்கம்பு, எதுவும் மிச்சமில்லை. ஒருவன் இன்னொருவன் காதைக் கடித்துத் துப்பினான். மீன் வாங்க வந்த பெண்கள் அவரவர் வீட்டு ஆளுக்காக மணலை வாரிக் கண்ணில் எறிந்தார்கள். தண்ணீரின் ஓரத்தில் நுரை சிவப்பாக வந்து போனது.

சூசைமிக்கேல் சண்டை போடவில்லை. இதை நான் அழுத்தி எழுத வேண்டும். இரண்டு பக்கத்தாரையும் பிடித்து விலக்கிக்கொண்டு, "நாளைக்குப் போடுவோம்லே, முறை எங்கயும் ஓடிப்போவாது" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒன்றும் இல்லை. நான் அவருக்குப் பின்னால் இருந்தேன். என் முகத்தில் அந்த எச்சில் இருந்தது. துடுப்பை இரண்டு கையாலும் ஓங்கினேன். ஏதோ நினைத்து அவர் திரும்பினார். துடுப்பின் விளிம்பு அவருடைய இடது கண்ணில் விழுந்தது.

அந்தச் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. நனைந்த தேங்காய் மட்டையில் வெட்டுவதுபோல் இருந்தது.

அதே நேரத்தில் நூல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பெரியப்பா மணலில் இறங்கினார். பத்தடி தூரம். பார்த்தார். மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என் கையிலிருந்து துடுப்பைப் பிடுங்கினார். "இண்ணைக்கு நமக்க முறை இல்லியேலே" என்றார். அந்த நேரத்தில் அவர் சொன்னது அது ஒன்றுதான். பிறகு தன் வேட்டியைக் கிழித்து சூசைமிக்கேலின் முகத்தைக் கட்டி, தானே தோளில் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரி வண்டிவரை போனார்.

மத்தியானம் போலீசு வந்தது. விசாரிக்க நிழல் வேண்டுமென்று அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் பள்ளிக்கூடம். இரண்டு மடிக்காரரையும் சேர்த்து நாற்பதுபேரை உள்ளே வரிசையாக முழங்காலில் நிறுத்தினார்கள். திருக்கை வால் தொங்கிய ஆணி அப்படியே இருந்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, "எவன்டா கண்ணில் அடித்தது?" என்று கேட்டார். பதில் வராததால் ஒரு பக்கத்திலிருந்து அடிக்கத் தொடங்கினார்கள். முதல் ஆளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. இரண்டாம் ஆளின் பல் என் முன்னால் வந்து விழுந்தது. நான் ஐந்தாவது. இன்ஸ்பெக்டர் மறுபடி, "எவன்?" என்றார்.

அந்த ஒற்றைச் சொல்தான். அவர் மூச்சுவிடுவதற்குள் பெரியப்பா முழங்காலாலேயே நகர்ந்து முன்னால் போய், அந்த ஆணிக்குக் கீழே நின்றார்.

"நான்தான், ஏமானே."

என்னைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை, மக்களே. அதனால் நான் எதுவும் சொல்லவில்லை. இதுதான் என் குற்றம். துடுப்பு கோபத்தில் விழுந்தது என்று வைத்துக்கொள்ளலாம். வாயை மூடியது கோபத்தில் அல்ல.

அங்கேயே அவரைப் படுக்கவைத்து மார்பில் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். இரண்டு விலா எலும்பு முறிந்தது. ஆசுபத்திரியில் சூசைமிக்கேலிடம் போய், "உன்னை அடித்தது அவன்தானா?" என்று கேட்டிருக்கிறார்கள். அடித்தது யார் என்று அவருக்குத் தெரியும். திரும்பியபோது கடைசியாக இரண்டு கண்ணாலும் அவர் பார்த்த முகம் என்னுடையதுதான்.

அவர் சொன்ன பதில்: "அவன் ஏத்துக்கிட்டான் இல்லியா? பொறவு எங்கிட்ட என்னத்துக்குக் கேக்கிது?"

பெரியப்பாவுக்கு இரண்டு ஆண்டு கடுங்காவல் விதித்தார்கள். உங்கள் அக்காவுக்கு அப்போது நான்கு வயது. நான் என் படிப்பைக் கொண்டு செய்ய முடிந்ததைச் செய்தேன். சர்க்காருக்குக் கருணை மனு ஆறு எழுதினேன். என் கையெழுத்து அழகு என்று கச்சேரிக் குமாஸ்தாவே சொன்னார். குடும்பத்தின் கஷ்டத்தை எழுதினேன், சின்னப் பிள்ளையை எழுதினேன், அவருடைய விலா எலும்பை எழுதினேன். ஆறு மனுவிலும் ஒரே ஒரு வரி மட்டும் இல்லை. அந்த வரி இருந்திருந்தால் மற்ற ஐந்து மனுவும் தேவைப்பட்டிருக்காது.

சிறைக்குப் பார்க்கப் போனபோது ஒருமுறை துணிந்து சொன்னேன்: "அண்ணே, நான் போய் உள்ளதச் செல்லிருதேன்."

கம்பிக்கு நடுவே கையை விட்டு என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். காவலர் ஓடிவந்தார்.

"ஒருத்தன் ஏத்துக்கிட்டா பொறவு பேச்சில்ல. நீ வேற பள்ளிக்கூடத்துல படிச்சவன், ஒனக்குத் தெரியாது. போயி எனக்க பிள்ளைக்குக் கஞ்சி குடு."

உண்மையைச் சொல்கிறேன். அந்த அறை எனக்கு வலித்தது. அதைவிட நிம்மதியாகவும் இருந்தது. அதன்பிறகு நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

விடுதலையாகி வந்தபோது அவருக்கு மூச்சு இழுத்தது. கயிறு இழுக்க முடியவில்லை, வலை பின்னினார். "செயிலுக்குப் போனவன்" என்று ஊர் சொன்னது. கோயில் திருவிழாவில் கொடிக்கயிறு தொடவிடவில்லை. ஒருநாள் இருவரும் வலைக்கு மிதவைக் காய் கட்டிக்கொண்டிருந்தபோது, "எனக்காக இவ்வளவு செய்தியே அண்ணே" என்றேன்.

அவர் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும். இருமி முடித்துவிட்டுச் சொன்னார்:

"ஒனக்காகன்னு நீ நெனச்சிக்கிடாத மக்கா. நான் ஒண்ணும் ஆலோசிக்கல்ல. அவன் 'எவன்'னு கேட்டான், எனக்க முட்டு தானா நவுந்திட்டு. நெஞ்சில இருந்து வந்ததில்ல அது, முட்டுல இருந்து வந்தது. அந்த உபதேசியாரு போட்ட அடி. நல்லதுக்கு அடிச்சாரா கெட்டதுக்கு அடிச்சாரான்னு எனக்கு இண்ணும் தெரியல்ல."

எனக்கும் தெரியவில்லை. அவரை அடித்து வளர்த்த பள்ளிக்கூடம் அவரைக் கேட்ட மாத்திரத்தில் முன்னால் போய் நிற்கிறவராக ஆக்கியது. அடிக்காமல் வளர்த்த பள்ளிக்கூடம் என்னைக் கேட்டால் மட்டும் பேசுகிறவனாக ஆக்கியது. திருக்கை வாலை நான் புகழமாட்டேன். உங்கள் மேல் ஒருவன் அதை ஓங்கினால் பாட்டா செய்ததைத்தான் நானும் செய்வேன். என் வாத்தியாரைப் பழிக்கவும் மாட்டேன். இந்த நான்கு எழுத்து அவர் போட்டதுதான். உங்களை எங்கே படிக்க வைத்தாலும், பள்ளிக்கூடம் சொல்லித்தராத ஒன்றை நான் வீட்டில் சொல்லித்தர வேண்டியிருந்தது. எட்டு வருடமாக நான் அதைச் சொல்லித்தரவில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் பெரியப்பாவுக்கு இருமலில் இரத்தம் வரத் தொடங்கியது. முறிந்த எலும்பு சரியாகக் கூடாமல் உள்ளே குத்திக்கொண்டிருப்பதாக வைத்தியர் சொன்னார். பதினோரு நாள் படுக்கையில் இருந்தார். சாமியார் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். பாவசங்கீர்த்தனத்திலாவது உண்மையைச் சொல்லியிருப்பாரா என்று நான் கதவுக்கு வெளியே நின்று யோசித்தேன். வெளியே வந்த சாமியாரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசி நாள் காலையில் என் கையைப் பிடித்து, "இண்ணைக்கு ஆருக்க முறை?" என்று கேட்டார். எங்கள் மடிதான் என்றேன். "அப்போ இங்க எதுக்கு இரிக்க? போ" என்றார். நான் கடற்கரைக்குப் போய் வலை வளைத்துத் திரும்பி வருவதற்குள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்தபின் சூசைமிக்கேல் கல்லறையின் பக்கத்தில் நின்றார். பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கி வந்தவர் அவர்தான்.

"ஒனக்க நண்டுக்கு எனக்க முறைய அவன் எடுத்தான்" என்றார். "ஒனக்க துடுப்புக்கு எனக்க கண்ணும் போச்சி, அவனுக்க நெஞ்சும் போச்சி. எல்லாம் நீ செய்தது. ஒனக்கு முட்டு வைக்க ஒரு பலகை மட்டும் கெடைக்கல்ல, இல்லியா கணக்கப்புள்ள?"

சிதறிக் கிடந்த மண்ணைக் கல்லறைமேல் அள்ளிப் போட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"அவன் இருந்தவரைக்கும் அவன் நிண்ணான், பேச்சில்ல. இப்போ அவன் போயிட்டான். அந்த எடம் காலியாக் கெடக்கு. அவனுக்க மவ வளருதா. நாளைக்கு அவளப் பாத்து ஆராவது ஒண்ணு செல்லுவான்."

யாராவது அல்ல, என் மகனே சொன்னான். அதனால்தான் இதை எழுதுகிறேன். சூசைமிக்கேலின் கண்ணைக் கெடுத்தவன் நான். உங்கள் பெரியப்பா எந்தக் குற்றமும் செய்யாமல் சிறைக்குப் போனவர். உங்கள் அக்கா குற்றவாளியின் மகள் அல்லள். குற்றவாளியின் மக்கள் நீங்கள். இதைக் கேட்டு உங்களை யாராவது கேலி செய்தால் கல்லை எடுக்காதீர்கள். ஆமாம் என்று சொல்லுங்கள். இந்த மலரின் ஒரு பிரதியைச் சாமியாருக்கும், ஒரு பிரதியைக் காவல் நிலையத்துக்கும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அதற்குமேல் என்ன நடந்தாலும் என் முறை.

பெரியப்பாவின் நோயில் பதினோரு நாளும் கண்விழித்த மதினிக்கும், பார்க்க வந்த வைத்தியருக்கும், ஒரு வாரம் தங்கள் மீனில் எங்களுக்குப் பங்கு வைத்த எல்லா மடிக்காரருக்கும், பூசையில் கலந்துகொள்ளும் உறவினருக்கும் ஊராருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. கண்ணைக் கொடுத்தும் வாக்கை மாற்றாத சூசைமிக்கேல் அவர்களுக்கு நன்றி என்று எழுத எனக்கு அருகதை இல்லை. அவர் பெயரை மட்டும் எழுதுகிறேன்.

இந்தப் பத்தியை இன்று அச்சகத்தில் வைத்துச் சேர்க்கிறேன். மேலே உள்ளதையெல்லாம் எழுதி முடித்து, அச்சகத்தில் கொடுப்பதற்காகத் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, நேற்று மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். விடுமுறை, யாரும் இல்லை. பழைய பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். எடுத்து அந்த ஆணிக்குக் கீழே போட்டேன். கடற்கரையிலிருந்து இரண்டு கை சிப்பி அள்ளிவந்து, கல்லால் இடித்து அதன்மேல் பரப்பினேன். வேட்டியைத் தூக்கி முழங்காலிட்டேன். யாரும் கேட்கவில்லை. கேட்காமலே, வாய்விட்டு, "நான்தான்" என்றேன். ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கும் நேரம் நின்றேன். எழுந்தபோது முழங்காலில் சிப்பித் துண்டுகள் குத்தி ஒட்டியிருந்தன. அவற்றைத் தட்டிவிடாமல் அச்சகத்துக்கு நடந்தேன்.